கிடைக்காத சிவப்புச் சட்டை

2025 ஜூன் 10. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை. தொண்ணூறு வயசுப் பெரியவர் ஒருத்தர் மன்னர் சார்லஸ் கையால 'சர்' பட்டம் வாங்கினார். வழக்கமா மன்னர் பிறந்தநாள் பட்டியல் வெளியாகி, மாசக்கணக்கு கழிச்சுத்தான் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு பட்டம் கொடுப்பாங்க. இவருக்கு உடம்பு முடியாததால, பட்டியல் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே கூப்பிட்டுக் கொடுத்துட்டாங்க. பேரு பில்லி பாஸ்டன். ரக்பி லீக் ஆட்டக்காரர். அந்த ஆட்டம் பிறந்து 130 வருஷத்துல 'சர்' பட்டம் வாங்கின முதல் ஆள் இவர்தான்.

செய்தி வந்ததும் எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதினாங்க. பழைய தப்பைச் சரி பண்ணிட்டோம், தாமதமானாலும் நீதி கிடைச்சுது, அப்படி இப்படின்னு. எனக்கு அதுல ஒரு நெருடல். பட்டம் கொடுத்தது தப்புன்னு சொல்ல வரல. தாராளமா கொடுக்கட்டும். ஆனா "தப்பைச் சரி பண்ணிட்டோம்"னு சொல்றாங்களே, எந்தத் தப்பை? பில்லி பாஸ்டன் கிட்டேருந்து பிடுங்கினது 'சர்' பட்டம் இல்லீங்க. வேற ரெண்டு விஷயம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கறேன்.

முதல்ல ரக்பி லீக்னா என்னன்னு சொல்லிடறேன், நம்ம பக்கம் நிறைய பேருக்கு ரக்பின்னாலே அமெரிக்கக்காரன் தலையில கவசம் மாட்டிக்கிட்டு ஆடற ஆட்டம்தான் ஞாபகம் வருது. அது வேற. இது கவசம் இல்லாம ஆடறது. பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடணும், எதிராளி மேல விழுந்து அமுக்குவான் (நம்ம கபடியில பாடி வர்றவனை நாலு பேரு சேர்ந்து மடக்கற மாதிரி, ஆனா ஓட்ட வேகத்துல). முன்னாடி நிக்கறவனுக்குப் பந்தை வீச முடியாது, பின்னாடிதான் தரலாம். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் போய் பந்தைத் தரையில ஊன்றினா அதுக்குப் பேர் ட்ரை. இதுல ரெண்டு வகை. பதினஞ்சு பேர் ஆடினா ரக்பி யூனியன். பதிமூணு பேர் ஆடினா ரக்பி லீக். வெளியாளுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். உள்ள இருக்கறவங்களுக்கு அது நூறு வருஷப் பங்காளிச் சண்டை.

சண்டை எதுக்குன்னு கேட்டா, கூலிக்கு. நிஜமாத்தான். 19ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்தோட வடக்குப் பக்கம், யார்க்‌ஷர், லங்காஷர் வட்டாரத்துல, ரக்பி ஆடினவங்க நிலக்கரிச் சுரங்கத்துலயும் பஞ்சாலையிலயும் வேலை பார்த்தவங்க. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. அந்த இழப்பை ஈடுகட்ட நாளுக்கு ஆறு ஷில்லிங் கொடுங்கன்னு கேட்டாங்க. தெற்கே இருந்த கனவான்கள் (வக்கீல், டாக்டர், பெரிய இடத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க) "விளையாட்டுக்குக் காசா, ச்சீ"ன்னுட்டாங்க. அப்பன் சொத்துல சாப்பிடறவனுக்கு அது சுலபம். 1895 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்ல ஜார்ஜ் ஹோட்டல்ல கூடி வடக்குக் கிளப்புகள் தனியாப் பிரிஞ்சு போயிட்டாங்க. அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். அதுக்கப்புறம் யூனியன்காரங்க ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் கொடுமை. ஒருத்தன் லீக் பக்கம் போயிக் காசு வாங்கிட்டா, அவனுக்கு யூனியன் ஆட்டம் ஆயுசுக்கும் கிடையாது. கிட்டத்தட்ட சாதியை விட்டுத் தள்ளி வைக்கற மாதிரி. யூனியனே காசு கொடுக்க ஆரம்பிச்ச 1995 வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, பில்லி பாஸ்டன் எந்தக் கதவு வழியா வெளியே போனார்னு புரிஞ்சாத்தான் மேல பேச முடியும்.

1934 ஆகஸ்ட் 6, கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டின டைகர் பே. வேல்ஸ் நாட்டுல இப்படி ஒரு பேட்டை இருந்ததான்னு ஆச்சரியமா இருக்கும். ஏடன், சோமாலியா, மேற்கு ஆப்பிரிக்கா, மால்ட்டா, நார்வேன்னு கப்பல்ல வந்து இறங்கின அத்தனை பேரும் அங்கதான் குடியேறினாங்க. பாஸ்டனோட அப்பா சியரா லியோன்லேருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா கார்டிஃப்ல இருந்த ஐரிஷ் குடும்பத்துப் பொண்ணு. வீட்ல பதினொரு பிள்ளைங்க. பையன் ரக்பி யூனியன்தான் ஆடினான். வேல்ஸ்ல பிறந்த எந்தப் பையனுக்கும் ஆசை ஒண்ணுதான், வேல்ஸ் அணியோட சிவப்புச் சட்டை. இவனுக்கும் அதே. கார்டிஃப் கிளப்புக்கு ஆடணும், அப்புறம் வேல்ஸுக்கு ஆடணும்.

டைகர் பேயிலேருந்து கார்டிஃப் கிளப்போட மைதானம் நடந்து போற தூரம். ஆனா அந்தக் கிளப் அவனை ஒருநாளும் கூப்பிடல. நீத், பான்டிப்ரித் மாதிரி வெளியூர்க் கிளப்புங்க கூப்பிட்டு ஆட வச்சாங்க. உள்ளூர்க்காரன் கூப்பிடல. எழுதி வச்ச தடை எதுவும் கிடையாது. அப்படி எழுதி வைக்கற அளவுக்கு முட்டாளுங்களும் கிடையாது. டைகர் பே பசங்களுக்கு அந்த வாசல் திறக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். வேல்ஸ் யூனியன் அணியில முதல் கறுப்பு வீரர் ஆடினது 1980கள்ல. பாஸ்டன் ஆடி ஓய்வே வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல ஆன பிறகு.

இவன் ராணுவத்துல கட்டாய சேவைக்குப் போனான். அங்க ஆடின ஆட்டத்தைப் பார்த்துட்டு வடக்கேயிருந்து லீக் கிளப்புங்க மொய்க்க ஆரம்பிச்சாங்க. 1953ல ராணுவக் கோப்பை இறுதி ஆட்டத்துல மட்டும் ஆறு ட்ரை. அதே வருஷம் விகன் கிளப் நிர்வாகிகள் கார்டிஃப் வீட்டுக்கே வந்துட்டாங்க.

அந்த வீட்டுக் கதை பின்னாள்ல பல தடவை சொல்லப்பட்ட கதை. வந்தவங்க மேஜை மேல நோட்டுக்கட்டைப் பரப்பினாங்க. அப்பல்லாம் அஞ்சு பவுண்டு நோட்டு வெள்ளை நிறத்துல பெரிசா இருக்கும். பதினொரு பிள்ளைங்க இருக்கற கப்பல் தொழிலாளி வீட்ல அப்படி ஒரு குவியலை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. பையனுக்கு இஷ்டமில்ல. கையெழுத்துப் போட்டா வேல்ஸ் கனவு அத்தோட முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியும். அம்மா பார்த்தாங்க, எப்படியாவது இவங்களைக் கிளப்பி விடணும்னு, "மூவாயிரம் கொடுத்தா கையெழுத்துப் போடுவான்"னு ஒரு போடு போட்டாங்க. பயந்து ஓடிடுவாங்கன்னு நினைப்பு. வந்தவங்க சரின்னுட்டாங்க! அம்மா வாக்குக் கொடுத்தாச்சு, இனி பின்வாங்க முடியாது. பையன் கையெழுத்துப் போட்டான். வயசு 18.

இந்தக் கதையைச் சிரிச்சுக்கிட்டேதான் எல்லாரும் சொல்றாங்க. நல்ல கதைதான், சினிமாவுல வச்சா கைத்தட்டல் வரும். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா, அந்த அம்மா பையனோட ஆசையைக் காப்பாத்தத்தான் அந்தத் தொகையைக் கேட்டிருக்காங்க. அந்த ஆசைக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு கடுதாசி, ஒரு அழைப்பு வந்திருந்தா? கார்டிஃப் கிளப் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தா, அந்த வீட்ல அன்னிக்கு வேற பேச்சு நடந்திருக்கும். வடக்கே போனவனைத் துரோகின்னு சொல்ற வழக்கம் வேல்ஸ்ல ரொம்ப நாள் இருந்தது. இங்க யாரு யாருக்குத் துரோகம் பண்ணினது?

சரி, போன இடத்துல என்ன ஆச்சு? நெல்லு கொட்டின மாதிரி ட்ரை கொட்டிச்சு.

விகன் ஒரு நிலக்கரி ஊர், பஞ்சாலை ஊர். பாஸ்டன் இரண்டாம் நிலை அணிக்கு ஆடின முதல் ஆட்டத்துக்கே எட்டாயிரம் பேருக்கு மேல வந்தாங்களாம். இரண்டாம் நிலை அணிக்கு! முதல் அணியில ஆறே ஆறு ஆட்டம் ஆடியிருந்தார், 1954ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்துக்கு கிரேட் பிரிட்டன் அணியில எடுத்துட்டாங்க. அப்ப வயசு 19. சுற்றுப்பயணத்துக்குப் போன முதல் கறுப்பு வீரர் அவர்தான். போன இடத்துல 18 ஆட்டத்துல 36 ட்ரை. அதுக்கு முன்னாடி எந்தப் பயணத்துலயும் யாரும் அவ்வளவு எடுத்ததில்ல.

விகன் கிளப்புக்கு மொத்தம் 488 ஆட்டம், 478 ட்ரை. இதை எப்படி விளங்க வைக்கறதுன்னு யோசிச்சேன். கால்பந்துல ஆட்டத்துக்கு ஒரு கோல் கணக்குல பதினஞ்சு வருஷம் ஒருத்தன் அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான். எல்லாக் கணக்கும் சேர்த்தா 571 ட்ரை. அவருக்கு மேல இருக்கறது ஒரே ஒருத்தர், வாரிங்டன் கிளப்புக்கு ஆடின ஆஸ்திரேலியாக்காரர் பிரையன் பெவன், 796. பெவன் ஒல்லி, வழுக்கைத் தலை, பார்த்தா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பார், ஆனா அம்பு. பாஸ்டன் வேற ரகம். ஆரம்பத்துல வேகம். போகப்போக உடம்பு போட்டுது, தொண்ணூறு கிலோவைத் தாண்டிட்டார். அப்புறம் சுத்தி ஓடறதை விட்டுட்டு நேரா மேல ஏறிப் போக ஆரம்பிச்சார். விங்கர்னா ஓரத்துல ஓடறவன், பொதுவா இளைச்ச உடம்பு. ஓரத்துல ஒரு மாட்டுவண்டி ரயில் வேகத்துல வந்தா எதிராளி என்ன பண்ணுவான் பாவம். பிரிட்டன் அணிக்கு 31 டெஸ்ட், 24 ட்ரை. வெம்ப்ளியில ஆறு தடவை சாலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், மூணுல வெற்றி (1958, 1959, 1965).

1968ல விகனை விட்டு விலகினார். கொஞ்ச நாள் பிளாக்பூல் பரோ. அப்புறம் விகன்லயே பழைய மைதானத்துக்குப் பக்கத்துல கிரிஃபின்னு ஒரு மதுக்கடை நடத்தினார். கோடியில புரள்ற காலம் இல்ல அது. ஊரையே ஆட வச்சவர், சாயங்காலம் அதே ஊர்க்காரங்களுக்கு பீர் ஊத்திக் கொடுத்துக்கிட்டு இருந்தார். அதை யாரும் கேவலமா நினைச்சதா தெரியல, அவரும்தான். பழைய மைதானம் இப்ப இல்ல, அங்க சூப்பர் மார்க்கெட் வந்தாச்சு.

சரி, பட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்துல கிரிக்கெட்டுக்குக் காசுக்கு ஆடின ஜாக் ஹாப்ஸுக்கு 1953லயே 'சர்' கொடுத்தாச்சு. அதே வருஷம் குதிரை ஓட்டற கார்டன் ரிச்சர்ட்ஸுக்கும். கால்பந்துல ஸ்டான்லி மேத்யூஸுக்கு 1965ல, ஆடிக்கிட்டு இருக்கும்போதே. பங்காளி வீடான ரக்பி யூனியன்ல 2004ல கிளைவ் உட்வர்ட், 2010ல இயன் மெகீகன், 2015ல கேரத் எட்வர்ட்ஸ், 2019ல பில் போமான்ட்னு வரிசையா. லீக் பக்கம் பூஜ்யம். பாஸ்டனுக்கு 1996ல எம்.பி.இ.ன்னு கீழ்ப்படி விருது ஒண்ணு கொடுத்தாங்க. அதோட சரி. சர் பட்டத்துக்கு மேல இருக்கறவங்க பார்வை படணும், அவங்க பார்வை லண்டனுக்கு வடக்கே நூறு மைல் தாண்டினா மங்கிடும் போல. 'சர்' பட்டத்துல எனக்குத் தனிப்பட்ட மோகம் எதுவும் இல்ல. நம்ம ஊர்லயே வெள்ளைக்காரன் யார் யாருக்கு அதைக் கொடுத்தான்னு பார்த்தா பாதி அறிவாளிங்க, பாதி ஜால்ரா. ஆனா ஒரு ஆட்டத்துக்கு 130 வருஷம் ஒண்ணு கூடக் கொடுக்கலன்னா, அது தற்செயல்னு சொல்றவங்க காதுல பூ சுத்தறாங்க. எந்த வர்க்கம் ஆடினது, எந்த ஊர்க்காரன் ஆடினதுன்னு பார்த்துத்தான் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கு. இந்த மட்டும் 2025ல கூச்சல் போட்டவங்களுக்கு (விகன் தொகுதி எம்.பி. லிசா நண்டி அதுல ஒருத்தர்) ஒரு கும்பிடு.

இதுவரைக்கும் சொன்னது ஊரறிஞ்ச கதை. லீக் ரசிகர்களும் இப்படித்தான் சொல்லுவாங்க: யூனியன்காரன் கெட்டவன், பணக்காரன், நிறவெறி பிடிச்சவன். எங்க ஆட்டம் ஏழையோட ஆட்டம், எல்லாரையும் அணைச்சுக்கிட்ட ஆட்டம்.

பெரிய அளவுல அது உண்மைதான், மறுக்க முடியாது. ராய் ஃபிரான்சிஸ்னு ஒருத்தர், வேல்ஸ்ல பிரின்மாவர் ஊர்க்காரர், கறுப்பர். 1947ல பிரிட்டன் அணிக்கு ஆடினார். 1950கள்ல ஹல் கிளப்புக்குப் பயிற்சியாளர் ஆகி பட்டமும் ஜெயிச்சுக் கொடுத்தார். அந்தக் காலத்துல பிரிட்டன்ல வேற எந்தப் பெரிய ஆட்டத்துலயும் கறுப்பர் ஒருத்தர் வெள்ளைக்கார அணிக்கு வாத்தியாரா இருக்கறதை நினைச்சே பார்க்க முடியாது. 1972ல உலகக் கோப்பை ஜெயிச்ச பிரிட்டன் அணியோட கேப்டன் கிளைவ் சல்லிவன், கறுப்பர், அவரும் கார்டிஃப். இங்கிலாந்து கால்பந்து அணியில முதல் கறுப்பு வீரர் 1978லதான் ஆடினார். கேப்டன் ஆக 1993 வரை காத்திருக்கணும். லீக் அவ்வளவு முன்னாடி இருந்தது. தொப்பியைக் கழட்டறேன்.

ஆனா 1957ன்னு ஒரு வருஷம் இருக்கு. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா தொண்டையைச் செருமிக்கிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடறாங்க.

அந்த வருஷம் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவுல. பாஸ்டன் பிரிட்டன் அணியில இருந்தார். போட்டி முடிஞ்சு திரும்பும்போது பிரிட்டனும் பிரான்சும் வழியில தென்னாப்பிரிக்காவுல இறங்கி சில காட்சி ஆட்டம் ஆடறதா ஏற்பாடு. அங்க லீக் ஆட்டத்தை வளர்க்கணுமாம். தென்னாப்பிரிக்காவுல அப்ப நிறவெறிச் சட்டம் நடப்புல இருக்கு. கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா ஆடக் கூடாது. என்ன பண்ணினாங்க? ஆட்டத்தை ரத்து பண்ணல. பாஸ்டனை மட்டும் தனியா வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. மத்தவங்க போய் ஆடிட்டு வந்தாங்க.

அவ்வளவுதான் சம்பவம். ரெண்டு வரியில முடிஞ்சு போற விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. 22 வயசுப் பையன். கூடவே தின்னு, கூடவே தூங்கி, கூடவே அடி வாங்கின கூட்டாளிங்க ஒரு விமானத்துல ஏறறாங்க, இவன் வேற விமானத்துல ஏறறான். கார்டிஃப் கிளப் கூப்பிடாதது கூட யாரோ அந்நியன் பண்ணினது. இது சொந்த வீடு. அப்பா அம்மாவையும் சிவப்புச் சட்டையையும் விட்டுட்டு எந்த வீட்டுக்கு வந்தானோ அந்த வீடு. அங்கயும் பந்தியில உட்கார்ந்தப்புறம் எழுப்பி விட்ட மாதிரி.

இதுக்கு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க: அந்தக் காலம் அப்படி. இன்னிக்கு உட்கார்ந்துக்கிட்டு அன்னிக்கு இருந்தவனை எடை போடக் கூடாது.

எனக்கு இந்த வாதத்துல நம்பிக்கை கிடையாது. "அந்தக் காலம்"னு ஒண்ணு மொத்தமா எல்லாரையும் ஒரே மாதிரி இயக்கறதில்ல. அதே காலத்துலதான் விகன் ஜனங்க, சுரங்கத்துலேருந்து கரி முகத்தோட வந்தவங்க, இவரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினாங்க. படிக்காத ஜனத்துக்குப் புரிஞ்சது நிர்வாகக் குழுவுக்குப் புரியாதா? புரியும். தென்னாப்பிரிக்காவுல புது ரசிகர், புது வரும்படி கிடைக்குமான்னு ஒரு நப்பாசை. அதுக்கு முன்னாடி ஒரு பையனோட மானம் சின்னதாத் தெரிஞ்சுது.

வேற வழி இருந்ததான்னா, இருந்தது. போகாம இருக்கலாம். 1968ல கிரிக்கெட்ல பேசில் டி'ஒலிவேரா விவகாரம் ஞாபகம் இருக்கும். அதுலயும் இங்கிலாந்து வாரியம் முதல்ல வழுக்கத்தான் பார்த்தது, அவரை அணியில எடுக்கல. அப்புறம் ஒருத்தர் விலகினதால அவரைச் சேர்த்தாங்க. தென்னாப்பிரிக்கா ஏத்துக்க மாட்டேன்னுச்சு. தொடரே ரத்தாச்சு. அது நடக்கப் பதினோரு வருஷம் முன்னாடி லீக்குக்கு அதே பரீட்சை வந்தது. அதுல ஃபெயில்.

இன்னும் கிட்டத்துல உதாரணம் வேணும்னா நம்ம சென்னைப் பசங்க. 1974 டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்று, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் நல்ல ஃபார்ம்ல இருந்த நேரம். இந்தியா ஆட மாட்டேன்னு சொல்லிடுச்சு. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிடுச்சு. அந்த அண்ணன் தம்பிக்கு அப்புறம் அந்தக் கோப்பை கிடைக்கவே இல்ல. அது லேசான விலை இல்ல. லீக் நிர்வாகிகள் 1957ல கொடுக்க வேண்டியிருந்த விலை என்ன? யாருமே கணக்குல வச்சுக்காத ரெண்டு மூணு காட்சி ஆட்டம். அதைக் கூட விட மனசு வரல.

இதுக்கும் முன்னாடி 1946ல ஆஸ்திரேலியப் பயணத்துக்கு ராய் ஃபிரான்சிஸை எடுக்கல. அங்க அப்ப வெள்ளையர் மட்டும்னு கொள்கை, எதுக்கு வம்புன்னு விட்டுட்டாங்கன்னுதான் பரவலா எழுதப்பட்டிருக்கு. வேடிக்கை என்னன்னா அந்தப் பயண அணிக்குக் கேப்டன் கஸ் ரிஸ்மன், அவரும் டைகர் பேயில வளர்ந்தவர், லாட்வியாவுலேருந்து வந்த குடும்பம். ஒரே துறைமுகத்துப் பேட்டைப் பையன் தோல் வெள்ளையா இருந்தா கேப்டன்.

இன்னொரு பதிலும் கேள்விப்பட்டிருக்கேன். "அவரே ஒண்ணும் சொல்லலையே, உனக்கென்ன?" பாஸ்டன் அதிகம் பேசற ஆள் இல்ல, புலம்பற ஆளும் இல்ல. யாரைக் கேட்டாலும் அடக்கமான மனுஷன்னுதான் சொல்றாங்க. அந்த அடக்கத்தை எடுத்து, தப்பு பண்ணினவங்க தங்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. பதினொரு பிள்ளைங்க வீட்லேருந்து வந்து, ஒரு வெள்ளைக்கார ஊர்ல பிழைச்சு, அங்கயே கல்யாணம் பண்ணி, அந்த ஜனங்களுக்கு நடுவுல கடை நடத்தினவருக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கறதும் ஒரு பிழைப்புத் தந்திரம்தான். எடுத்துச் சொன்னா கேட்க எத்தனை பேர் இருந்தாங்க?

இப்ப சொல்லக் கேட்கலாம்னா காலம் கடந்தாச்சு. அவருக்கு மறதி நோய் இருக்கறது 2016லேயே தெரிஞ்ச விஷயம். அதே வருஷம் விகன் நடுவூர்ல அவருக்குச் சிலை. அதுக்கு முந்தின வருஷம் வெம்ப்ளி வாசல்ல அஞ்சு லீக் ஆட்டக்காரர்களுக்குச் சேர்த்து வச்ச சிலையிலயும் அவர் இருக்கார். 2023ல கார்டிஃப் துறைமுகத்துலயும் சிலை வச்சாங்க, ரிஸ்மன், சல்லிவனோட சேர்த்து. கூப்பிடாத ஊர் கடைசியில வெண்கலத்துல கூப்பிட்டுக்கிச்சு. அதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம், கிண்டல் இல்ல. அந்தச் சிலையைப் பார்த்துட்டுப் போற சின்னப் பசங்க "இவங்க யாரு, ஏன் நம்ம ஊரை விட்டு வடக்கே போனாங்க"ன்னு கேட்பாங்க. கேட்டா யாராவது உள்ளதைச் சொல்லணும்.

அதனாலதான் அந்த "தப்பைச் சரி பண்ணிட்டோம்" வசனம் எனக்கு ஆகல. சிவப்புச் சட்டையை யாராலயும் இனிமே அவருக்குப் போட்டு விட முடியாது. 1957ல விட்டுட்டுப் போன விமானத்தையும் திருப்ப முடியாது. லண்டன்ல இருக்கறவங்க 130 வருஷம் கண்டுக்காத பாவத்துக்கு ஒரு பட்டம் கொடுத்து அவங்க கணக்கை முடிச்சுக்கிட்டாங்க, சரி. வேல்ஸ் யூனியன் கணக்கும் லீக் நிர்வாகக் கணக்கும் அதுல அடங்காது. லீக்காரங்க பட்டத்தைக் கொண்டாடற மேடையிலயே, ஒரே ஒரு நிமிஷம், "1957ல எங்க சபை இவரைத் தனியா அனுப்பி வச்சுது, அது தப்பு"ன்னு வாய் விட்டுச் சொல்லியாகணும். பழம்பெருமை பேசற ஒவ்வொரு தடவையும் சொல்லணும். ட்ரை கணக்கோட சேர்த்து அதையும் ஒரு வரி எழுதணும். 571, 478, 36ன்னு வாசிக்கறோம் இல்லையா, பக்கத்துல 1957ன்னும் வாசிக்கணும்.

இந்தப் பட்ட விஷயத்துல இன்னொரு கொடுமை, செத்தவங்களுக்கு 'சர்' கொடுக்கறதில்ல. ராய் ஃபிரான்சிஸ் 1989ல போயிட்டார். 2023ல பிரின்மாவர்ல அவருக்குச் சிலை வச்சாங்க, அதோட சரி. கிளைவ் சல்லிவன் கதை இன்னும் மோசம். சின்ன வயசுல கால்ல பல அறுவை சிகிச்சை, ஒழுங்கா நடக்கறதே கஷ்டம்னு சொன்ன பையன். அவர்தான் 1972 இறுதி ஆட்டத்துல, பிரான்சுல லியோன் நகரத்துல, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா தன் பக்கத்துலேருந்து கிளம்பி மைதானம் முழுக்க ஓடி ட்ரை வச்சார். ஆட்டம் 10-10, லீக் சுற்றுக் கணக்குல பிரிட்டனுக்குக் கோப்பை. கேப்டனா அதைக் கையில வாங்கினவர் 1985ல புற்றுநோயில போயிட்டார், 42 வயசு. எந்த அரண்மனைக்கும் அவரைக் காத்திருக்க வைக்க நேரம் கிடைக்கல.

ஆனா ஹல் ஊர்க்காரங்க ஒண்ணு பண்ணினாங்க. அந்த ஊர்ல ரெண்டு லீக் கிளப், கீரியும் பாம்பும் மாதிரி. சல்லிவன் ரெண்டுக்குமே ஆடினார், ரெண்டு பக்கமும் அவரைக் கொண்டாடிச்சு. மேற்கேயிருந்து ஊருக்குள்ள நுழையற பெரிய சாலைக்கு அவர் பேரை வச்சுட்டாங்க, கிளைவ் சல்லிவன் வே. லாரிக்காரன், ஆபீஸ் போறவன், ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறவன் எல்லாரும் தினம் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்கறாங்க.